பிக்கப் வண்டிக்கு என்ன டயர், என்ன ஷாக் அப்சார்பர்? சேலம், ஏற்காடு வண்டிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்தில் குட்டியானையோ (டாடா ஏஸ்) தோஸ்த்தோ பொலேரோ பிக்கப்போ வைத்து லோடு அடிப்பவர்கள் ஒரு பக்கம். ஏற்காட்டு எஸ்டேட்டுகளில் உரம், காப்பிக்கொட்டை, மரம் என்று எதையும் ஏற்றி இறக்கும் வண்டிகள் இன்னொரு பக்கம். சொந்த உபயோகத்துக்கு வி-கிராஸ், ஹைலக்ஸ் போன்ற பெரிய பிக்கப் வாங்கியவர்கள் மூன்றாவது. டயர் மாற்றும் நாளில் மூன்று தரப்பும் கேட்கிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். கடை வாசலில் நின்று சொல்லும் பதில் எப்போதும் பாதியில் நின்றுவிடும். அதனால் இங்கே கொஞ்சம் விரிவாக. வேண்டிய கேள்விக்கு நேராகப் போய்விடலாம், ஆனால் எடை மேடை பற்றிய பதிலை மட்டும் தாண்டிவிடாதீர்கள். மற்றதெல்லாம் அதை வைத்துத்தான்.

டயரின் பக்கவாட்டில் ஏகப்பட்ட எண்கள் இருக்கின்றன. எதைப் பார்ப்பது?

ஒரு உதாரணம்: 195/70 ஆர் 15 சி 104/102 ஆர். முதலில் வரும் 195 என்பது மில்லிமீட்டரில் அகலம். 70 என்றால் பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 70 சதவீதம். நடுவில் வரும் ஆர் ரேடியல், 15 ரிம்மின் அங்குலம், சி என்பது சரக்கு வண்டிக்கான டயர் என்று சொல்கிறது. கடையில் பெரும்பாலும் இதுவரைதான் பார்ப்பார்கள். "அதே சைஸ் இருக்குங்க" என்று எடுத்துப் போட்டுவிடுவார்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது அதற்கு அடுத்து வருவது. 104/102 என்பதுதான் சுமைக் குறியீடு, கடைக்காரர் வாயில் லோடு இண்டெக்ஸ். 104 என்றால் ஒற்றை டயராக ஓடும்போது ஒரு டயர் 900 கிலோ தாங்கும். 102 என்பது பின்னால் ஜோடி டயராக மாட்டினால் ஒவ்வொன்றும் தாங்கும் 850 கிலோ. நம் சிறிய பிக்கப்புகளில் பெரும்பாலும் பின்னாலும் ஒற்றை டயர்தான், எனவே முதல் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி ஆர் வேகத்துக்கான எழுத்து, மணிக்கு 170 கிலோமீட்டர். லோடு வண்டிக்கு அதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

குறியீட்டு எண்ணே கிலோ இல்லை, அட்டவணையில் பார்க்க வேண்டும். அடிக்கடி வருபவை: 95 என்றால் 690 கிலோ, 100 என்றால் 800, 104 என்றால் 900, 106 என்றால் 950, 108 என்றால் 1,000, 112 என்றால் 1,120, 116 என்றால் 1,250. நான்கு எண் தள்ளினாலே ஒரு டயருக்கு 100 கிலோ, பின் அச்சுக்கு 200 கிலோ மாறிவிடுகிறது. ஒரே சைஸில் குறைந்த எண்ணும் கிடைக்கும், கூடிய எண்ணும் கிடைக்கும். விலை குறைவாகச் சொன்னால் முதலில் இந்த எண்ணைக் குனிந்து பாருங்கள்.

என் டயரில் 8 பி.ஆர். என்றுதான் பெரிதாகப் போட்டிருக்கிறது. அதுவும் இதுவும் ஒன்றா?

உறவுக்காரர்கள், ஒன்றல்ல. பி.ஆர். என்றால் பிளை ரேட்டிங், பிளை என்பது டயருக்குள் இருக்கும் நூல் அடுக்கு. முன்பு பருத்தி நூலில் டயர் செய்த காலத்தில் எத்தனை அடுக்கு என்று எண்ணிச் சொன்ன கணக்கு அது. இன்று 8 பி.ஆர். டயரை அறுத்துப் பார்த்தால் எட்டு அடுக்கு இருக்காது. எட்டு அடுக்குக்கு நிகரான பலம் என்று மட்டும் பொருள்.

சைஸ் மாறினால் அதே 8 பி.ஆர். வேறு எடை தாங்கும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. குட்டியானையில் வரும் 145 ஆர் 12, தோஸ்த்தில் வரும் 185 ஆர் 14 இரண்டுமே 8 பி.ஆர். முதலாவது பொதுவாக 86, அதாவது 530 கிலோ. இரண்டாவது பொதுவாக 102, அதாவது 850 கிலோ. "எட்டு பிளை போட்டாச்சு, இனி என்ன" என்று நிம்மதி அடைவதில் பொருளில்லை. கிலோவைத் தேடுங்கள். சில டயர்களில் பக்கச்சுவரிலேயே அதிகபட்சச் சுமை கிலோவிலும் அதற்கான காற்றழுத்தமும் அச்சாகியிருக்கும்.

சரி, எனக்கு எத்தனை வேண்டும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எடை மேடைக்குப் போங்கள். வேறு குறுக்கு வழி இல்லை. சேலத்தைச் சுற்றி எந்த ரோட்டில் போனாலும் ஒரு எடை மேடை இருக்கும், ஆகும் கட்டணம் ஒரு டயர் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

நீங்கள் வழக்கமாக ஏற்றும் முழு லோடை ஏற்றிக்கொள்ளுங்கள். டிரைவர், உடன் வரும் ஆள், டீசல், தார்ப்பாய், கயிறு, ஸ்டெப்னி எல்லாம் சேர்ந்துதான். முதலில் முன் சக்கரங்கள் மட்டும் மேடையில் ஏறும்படி நிறுத்தி ஒரு சீட்டு. அப்புறம் முழு வண்டியும் ஏறி ஒன்று. பிறகு முன் சக்கரங்கள் இறங்கி, பின் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்க இன்னொன்று. மேடையும் அதை ஒட்டிய தரையும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். நியூட்ரலில் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகு எடை பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் பிடித்தபடி நின்றால் எண் கொஞ்சம் பொய் சொல்லும். மேடைக்காரர் "எதுக்கு மூணு தடவை?" என்று கேட்பார். மூன்றுக்கும் காசு கொடுத்துவிட்டால் கேட்க மாட்டார்.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: முன்பக்கம் 1,080 கிலோ, பின்பக்கம் 1,840 கிலோ, மொத்தம் 2,920. பின் அச்சை இரண்டால் வகுத்தால் டயருக்கு 920. மொத்தத்தை நான்கால் வகுத்திருந்தால் 730 வந்திருக்கும். அப்போது 97 குறியீட்டு டயரே போதும் என்று நினைத்துப் பின் டயரை நாசம் பண்ணியிருப்போம். இந்தப் பிழையை ஆட்கள் எப்போதும் செய்கிறார்கள். பிக்கப்பில் லோடு முழுக்கப் பின்னால்தான் உட்காருகிறது.

920-ஓடும் நிறுத்தாதீர்கள். மூட்டை ஒரு பக்கம் கனமாக ஏறும், ரோடு ஓரமாகச் சரிந்திருக்கும். அதற்காகப் பத்து சதவீதம் கூட்டினால் 1,010 சொச்சம். ஆக 104 போதாது, 106-ம் போதாது, 108 எல்லைக்கோட்டில் நிற்கிறது. 109 என்றால் 1,030 கிலோ, அதிலிருந்து மேலே போனால் சரி. முன் டயருக்கு இவ்வளவு வேண்டாம்தான். ஆனாலும் நான்கும் ஒன்றாகவே போட்டுவிடுங்கள், டயரை முன்னும் பின்னும் மாற்றிப் போடும்போது தலைவலி இருக்காது.

கடைசியாக அந்த 2,920-ஐ ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் மொத்த எடையோடு ஒப்பிடுங்கள். அதைத் தாண்டியிருந்தால் டயர் கடைக்குப் போகும் முன் லோடைக் குறைக்கும் வழியைத்தான் பார்க்க வேண்டும்.

ஏற்காடு ஏறி இறங்கும் வண்டிக்குத் தனியாகக் கூட்ட வேண்டுமா?

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்றத்தில் எடை பின்னால் சாயும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் அது நினைக்கிற அளவு பெரிதில்லை. 3 டன் வண்டி, அச்சுகளுக்கு இடையே 3 மீட்டர், பாரத்தின் மையம் தரையிலிருந்து 1 மீட்டர் என்று வைத்தால், நூற்றுக்கு எட்டு ஏற்றத்தில் பின்னால் போவது 80 கிலோ மட்டும்.

வளைவுதான் ஆள். அதே வண்டி 12 மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவில் வெறும் 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும்போது, உள் பக்க டயர்களிலிருந்து 500 கிலோவுக்கு மேல் வெளிப் பக்க டயர்களுக்கு மாறுகிறது. இறக்கத்தில் ஓரளவு அழுத்திப் பிரேக் பிடித்தால் 300 கிலோ முன்னால் வருகிறது. இரண்டும் சேர்ந்து வந்தால் வெளிப்பக்க முன் டயரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். லோடு உயரமாக அடுக்கியிருந்தால் இந்த எண்கள் இன்னும் கூடும்.

டயர் செய்கிறவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அட்டவணை எடை நின்ற நிலைக்கு, ஓட்டத்தில் வரும் குலுக்கலுக்கும் சாய்வுக்கும் அவர்கள் இடம் விட்டிருக்கிறார்கள். அந்த இடம் வளைவுக்கு உரியது. அதையும் மூட்டையால் நிரப்பிவிட்டு மலை ஏறினால் வளைவுக்கு என்று மிச்சம் ஒன்றும் இல்லை. ஆகவே மேலே சொன்ன பத்து சதவீதத்தை மலை வண்டிக்குப் பதினைந்து என்று வைத்துக்கொள்ளச் சொல்வேன். அதற்கு மேல் தேவையில்லை.

இன்னொன்று, இறக்கத்தில் பிரேக்கிலேயே நின்றுகொண்டு வந்தால் டிரம் சூடு ரிம்முக்கு ஏறி, ரிம்மிலிருந்து டயருக்கு ஏறும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். இது எந்த உயர்ந்த டயருக்கும் பொருந்தும்.

பட்டை ஒன்று கூடப் போட்டுவிட்டால் லோடு கூடுதலாக ஏற்றலாமே?

பட்டை என்பது வண்டியைத் தாங்கும் வில் போன்ற இரும்புத் தகடு, லீஃப் ஸ்பிரிங். நம் ஊரில் லாரி பட்டை மேல் ஒரு பக்தியே உண்டு. தேய்ந்த பட்டையில் அடித்த அரிவாள்தான் நல்ல அரிவாள் என்பார்கள். அந்த நம்பிக்கை வண்டிக்கும் தொற்றிக்கொண்டது.

பட்டை கூட்டினால் வண்டி பின்னால் தாழாது. அவ்வளவுதான் நடக்கிறது. அச்சு, ஹப் பேரிங், ரிம், பிரேக், டயர் எல்லாம் பழையபடியே இருக்கின்றன. முன்பு வண்டி தாழ்ந்துபோய் "போதும்" என்று காட்டிக்கொண்டிருந்தது, இப்போது அந்த அடையாளமும் போய்விட்டது. ஆர்.சி.யில் இருக்கும் எடையும் பட்டை போட்டதால் மாறாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவில் 2019 செப்டம்பர் முதல் அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. கூடுதல் லோடை இறக்கும் செலவும் உங்கள் தலையில்.

பட்டை போட வேண்டிய சந்தர்ப்பமும் இருக்கிறது. வண்டி பழசாகி, அனுமதித்த எடைக்குள்ளேயே பின்பக்கம் படுத்துவிட்டால், ஒரு பட்டை முறிந்திருந்தால், அல்லது எந்நேரமும் பின்பக்கப் பெட்டியில் கருவிகளோடு ஓடும் வண்டியாக இருந்தால் பட்டைக் கடையில் கட்டைப் பிரித்துப் பார்ப்பது நியாயம். அப்போதும் ஒரே அடியாக இரண்டு மூன்று சேர்த்துவிடாதீர்கள். வெறும் வண்டியாக மலை இறங்கும்போது பின்பக்கம் கட்டையாக இறுகி, மழை ஈரத்தில் குண்டு குழியைத் தொட்டதும் தாவி விலகும்.

காற்று எவ்வளவு வைப்பது? பஞ்சர் கடையில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

சுமைக் குறியீடு சொல்லும் கிலோ, அதற்கான காற்று இருந்தால்தான். 104 என்று போட்டிருக்கும் டயரில் பாதிக் காற்று இருந்தால் அது 104 இல்லை. 8 பி.ஆர். சரக்கு டயர்களில் முழுச் சுமைக்கு 65 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வரை கேட்பது சாதாரணம். கார் கணக்கில் 35 அடித்துவிட்டு முழு லோடு ஏற்றும் வண்டிகளைத் தினமும் பார்க்கலாம். பக்கச்சுவர் மடங்கி மடங்கி நிமிர்ந்து, உள்ளே சூடேறி, ஒருநாள் தொப்பூர் இறக்கத்தில் டப்பென்று போகும். டயர் கம்பெனியைத் திட்டுவார்கள்.

டிரைவர் பக்கக் கதவுத் தூணிலோ கையேட்டிலோ வண்டிக்காரக் கம்பெனி காலி, முழு லோடு என்று இரண்டு எண் கொடுத்திருக்கும். அதுதான் அடிப்படை. டயரில் அச்சடித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்சம், அதைத் தாண்டக் கூடாது. காலியாகத் திரும்பும்போது லோடு அழுத்தத்திலேயே வந்தால் டயர் நடுவில் தேயும், பின்பக்கம் துள்ளும். ஒரு நாளில் நான்கு நடை அடிப்பவர் ஒவ்வொரு முறையும் காற்று மாற்றிக்கொண்டிருக்க முடியாதுதான். அவர்கள் லோடு அழுத்தத்திலேயே வைத்துக்கொண்டு காலி நடையில் வேகத்தைக் குறைக்கட்டும். மாறி ஓடுவது ஆபத்து, அதாவது காலி அழுத்தத்தில் லோடு.

எப்போதும் குளிர்ந்த டயரில் பாருங்கள், காலையில் வண்டி எடுக்கும் முன். சேலத்து ஏப்ரல் வெயிலில் ஓடி வந்த டயரில் ஏழெட்டு பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும், அது இயல்பு. "காற்று ஜாஸ்தி" என்று பிடுங்கிவிட்டால் ஆறியதும் குறைந்து நிற்கும்.

ஏற்காட்டுக்குப் போனால் உயரம் காரணமாகக் காற்று மாறுமா?

அழகான கணக்கு இது. மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜில் சுமார் 2 பி.எஸ்.ஐ. ஏறும். மேலே பத்து டிகிரி குளிர்வதால் 50 பி.எஸ்.ஐ. டயரில் சுமார் 2 இறங்கும். ஒன்றை ஒன்று தின்றுவிடுகின்றன. கீழே சரியாக வைத்திருந்தால் மேலே தொட வேண்டாம். வாழவந்தியிலோ நாகலூரிலோ வண்டி நிரந்தரமாக நிற்கிறது என்றால் அங்கேயே காலையில் அளந்து வையுங்கள்.

நல்ல ஷாக் அப்சார்பர் போட்டால் லோடு தாங்கும் சக்தி கூடுமா?

கூடாது. பாரத்தைச் சுமப்பது பட்டையும் டயரும். ஷாக் அப்சார்பரைக் கழற்றிப் போட்டுவிட்டாலும் வண்டி அதே உயரத்தில்தான் நிற்கும். குழியில் இறங்கிய பட்டை மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்காமல் ஒரே ஆட்டத்தில் அடக்குவதுதான் அதன் வேலை. உள்ளே எண்ணெயைச் சிறு துளைகள் வழியாகப் பிஸ்டன் தள்ளும்போது ஆட்டத்தின் சக்தி சூடாக மாறி, குழாய் வழியாக வெளியே போகிறது.

வளைவில் எடை மாறும் அளவையும் ஷாக் குறைக்காது. எவ்வளவு சட்டென்று மாறுகிறது என்பதைத்தான் அது நிதானப்படுத்துகிறது. டிரைவருக்குத் தெரிகிற வித்தியாசம் அங்கேதான். நல்ல ஷாக் உள்ள வண்டி வளைவில் சாய்ந்து, அப்படியே நின்று, திரும்ப நிமிரும். போன ஷாக் உள்ள வண்டி சாய்ந்து, இன்னொரு முறை சாய்ந்து, நிமிரும்போது எதிர்ப்பக்கமும் ஒரு சாய்வு சாயும்.

என் ஷாக் போய்விட்டதா என்று நானே பார்க்க முடியுமா?

முடியும். காரில் பண்ணுவது போல மூலையை அழுத்திவிட்டு எத்தனை தடவை ஆடுகிறது என்று பார்க்கும் சோதனை மட்டும் பட்டை வண்டிக்கு உதவாது. பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதே ஆட்டத்தை அடக்கிவிடும், செத்துப்போன ஷாக்கும் நல்லது போலத் தெரியும்.

குனிந்து ஷாக்கின் உடம்பைப் பாருங்கள். மேல் குழாய்க்கு அடியில் லேசான ஈரப் படலம் மட்டும் இருந்தால் பரவாயில்லை. எண்ணெய் வழிந்து, அதன் மேல் செம்மண் தூசு அப்பி, ஷாக்கைக் கீழே மாட்டும் வளையம் வரைக்கும் கறுப்புக் களிம்பாக இறங்கியிருந்தால் முடிந்தது. அப்புறம் டயரின் மேல் உள்ளங்கையை வைத்துச் சுற்றிலும் தடவுங்கள். ஒரு கைப்பிடி தூரம் மேடு, அடுத்த கைப்பிடி பள்ளம் என்று அலை அலையாகத் தட்டுப்பட்டால், டயர் ரோட்டில் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பள்ளமும் கைக்குத் தெரியும்.

மூன்றாவது, சூடு. மோசமான ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, நான்கு ஷாக்கையும் புறங்கையால் மெல்லத் தொடுங்கள். வேலை செய்கிற ஷாக் வெதுவெதுப்பாக இருக்கும். மூன்று சூடாகவும் ஒன்று சில்லென்றும் இருந்தால் அந்த ஒன்று சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் இருக்கும் பிரேக் டிரம்மில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மலை இறங்கி வந்த வண்டியில் அது தோலை உரித்துவிடும்.

கடகடவென்று சத்தம் மட்டும் என்றால் ரப்பர் புஷ்ஷாக இருக்கலாம். அதை முதலில் பாருங்கள், முழு ஷாக்கையும் மாற்றச் சொல்லும் கடையில் அவசரப்பட வேண்டாம்.

ட்வின் ட்யூப், மோனோ ட்யூப், கேஸ் என்கிறார்கள். எது வாங்குவது?

ட்வின் ட்யூப் என்பது குழாய்க்குள் குழாய். விலை குறைவு, வெளியே ஒரு நெளிவு விழுந்தாலும் உள் குழாய் தப்பிக்கும், நம் வண்டிகளில் கம்பெனி போடுவது பெரும்பாலும் இதுதான். விடாமல் குலுங்கினால் எண்ணெயில் நுரை கட்டும், நுரை பிஸ்டனுக்கு வழிவிட்டுவிடும். வண்டி திடீரென்று தொளதொளப்பாகும். குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜன் நிரப்பிய ட்வின் ட்யூப்பில் இந்த நுரை குறைவு. கடைகளில் கேஸ் ஷாக் என்று தருவது பெரும்பாலும் இதைத்தான்.

மோனோ ட்யூப்பில் ஒரே குழாய், மிதக்கும் பிஸ்டன் ஒன்று எண்ணெயையும் அதிக அழுத்த நைட்ரஜனையும் பிரித்து வைக்கும். எண்ணெய் இருக்கும் குழாயே வெளிக்காற்றில் படுவதால் சூடு சீக்கிரம் போகும், நுரைக்கு வழியில்லை. விலை அதிகம், கல் பட்டு ஆழமாக நெளிந்தால் பிஸ்டன் அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், மலைப்பாதையின் தார் ரோடு மட்டும் ஓடும் வண்டிக்கு மோனோ ட்யூப் வீண் செலவு. வளைவில் ஷாக் மெதுவாக அசைகிறது, சூடேறும் அளவுக்கு வேலையே இல்லை. ஷாக்கைச் சூடாக்குவது தார் ரோட்டை விட்டு இறங்கிய பிறகு வரும் எஸ்டேட் பாதை, கல்லும் மழைநீர் அறுத்த வாய்க்காலுமாகக் கிலோமீட்டர் கணக்கில் போகும் பாதை. செம்மநத்தம் பக்கமோ கொட்டச்சேடு பக்கமோ தினமும் அப்படி ஓடும் வண்டிக்கு, அல்லது அதே பாதையில் வேகமாகப் போக ஆசைப்படும் வி-கிராஸ்காரருக்கு மோனோ ட்யூப் தன் விலையைத் திருப்பிக் கொடுக்கும். செவ்வாய்ப்பேட்டை மார்க்கெட்டுக்கும் லீ பஜாருக்கும் மூட்டை அடிக்கும் வண்டிக்குக் கம்பெனி அளவில் ஒரு நல்ல கேஸ் ட்வின் ட்யூப் போதும், மிச்சப் பணத்தை டயரில் போடுங்கள்.

எதை வாங்கினாலும் ஒரே அச்சில் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். நீளத்தைச் சரிபாருங்கள். பட்டை சேர்த்து உயர்த்திய வண்டிக்குப் பழைய நீள ஷாக் போட்டால், குழியில் சக்கரம் தொங்கும்போது ஷாக்கே சங்கிலியாக மாறி இழுபட்டு அறும்.

கெட்டியான ஷாக்தானே மலைக்கு நல்லது?

காலியாக ஓடும் நேரமும் உண்டல்லவா? கெட்டி ஷாக் காலி வண்டியில் சக்கரத்தைக் குழிக்குள் இறங்கவிடாது, டயர் ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும். ஈர ரோட்டில் அந்த ஒரு கணம் போதும். திருகிச் சரிசெய்யும் ஷாக் இருக்கிறது, ஆனால் லோடு வண்டிக்காரர் யாரும் ஒவ்வொரு நடைக்கும் இறங்கித் திருகப்போவதில்லை.

தண்ணீர் டேங்க் வைத்து ஓட்டுகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

வெயில் காலத்தில் இந்தக் கேள்வி நிறைய வரும். ஒரு லிட்டர் ஒரு கிலோ. 2,000 லிட்டர் டேங்க் நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 2 டன், டேங்க், மோட்டார், ஹோஸ் தனி. 1,700 கிலோ ஏற்ற அனுமதியுள்ள பொலேரோ பிக்கப்புக்கே அது அதிகம், தோஸ்த்தையோ குட்டியானையையோ பேசவே வேண்டாம். டேங்க் பிடிக்கிறது என்பதற்காக நிரப்பக் கூடாது.

"அப்ப முக்கால் டேங்க் அடிச்சுக்கறேன்" என்பார்கள். அது இன்னொரு வம்பு. அரைகுறையாக நிரம்பிய டேங்கில் தண்ணீர் வளைவில் வெளிப்பக்கம் ஓடி மோதும், நிமிரும்போது திரும்பி வந்து மோதும். மேலே சொன்ன 500 கிலோ கணக்கு அசையாத சரக்குக்கு. அலை அதற்கு மேல். எந்த ஷாக்கும் தண்ணீர் அலையை அடக்காது. அனுமதித்த எடைக்குள் நிரம்பும் சின்ன டேங்காக வாங்கி முழுக்க நிரப்புங்கள். பெரிய டேங்க்தான் என்றால் உள்ளே தடுப்பு உள்ளதாக இருக்கட்டும். டேங்கை முடிந்தவரை கேபினை ஒட்டி வையுங்கள்.

சவுக்கு, சில்வர் ஓக் மரம் பின்னால் நீட்டிக்கொண்டு போகிறது. அதற்கும் டயருக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. பின் அச்சுக்குப் பின்னால் அரை மீட்டரில் 300 கிலோ தொங்கினால், 3 மீட்டர் வண்டியில் பின் அச்சுக்கு ஏறுவது 350 கிலோ. மிச்ச 50 எங்கிருந்து வந்தது? முன் சக்கரத்திலிருந்து. ஸ்டியரிங் லேசாக இருப்பதாகத் தோன்றினால் காரணம் இதுதான். ஏற்றமான வளைவில் முன் டயர் பிடிக்காமல் நேராக வழுக்கும். நீளத்தை அறுத்துக் குறைத்து ஏற்றுங்கள்.

வி-கிராஸ், ஹைலக்ஸில் எஸ்.யு.வி. டயர் இருக்கிறது. அதன் எண்ணை அப்படியே நம்பலாமா?

முழுக்க இல்லை. கார் வகை டயரைப் பிக்கப்பில் மாட்டினால் அதன் சுமையை 1.1-ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது அமெரிக்க விதி. இங்கேயும் பின்பற்றத் தகுந்தது. 116 குறியீடு 1,250 கிலோ என்றால் 1,136 என்று எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தோடு பகோடா பாயின்ட் போய்வருவதற்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. பின்னால் ஜெனரேட்டர், சிமெண்ட் என்று நிரப்பும் நாளில் பொருட்டு.

எல்.டி. (லைட் டிரக், அதாவது சிறிய சரக்கு வண்டி) வகை டயருக்கு மாறினால் இன்னொரு விஷயம்: அதே எடையைத் தாங்க அதற்குக் கூடுதல் காற்று வேண்டும். பழைய 35-ஐயே வைத்துக்கொண்டால் பலமான டயர் வாங்கியும் பலம் குறைந்துவிடும். ஆல் டெரைன் டயர் எஸ்டேட் பாதைக்கு நல்லது. பெரிய கட்டை கட்டையாக இருக்கும் மட் டயர் சேற்றுக்கு மட்டும், ஈரத் தார் ரோட்டில் அதன் பிடி குறைவு.

ஒரு சைஸ் பெரிதாகப் போடலாமா?

குறியீடு கூடும் என்பதற்காக வேண்டாம். டயர் ஐந்து சதவீதம் பெரிதானால் கியர் அத்தனையும் ஐந்து சதவீதம் நீளும், செகண்டில் ஏறிய வளைவை ஃபர்ஸ்டில் ஏற வேண்டி வரும். மீட்டர் குறைத்துக் காட்டும். அதே சைஸிலேயே உயர்ந்த குறியீடு தேடுங்கள், ரிம்மும் அந்தக் காற்றைத் தாங்குமா என்று கேட்டுக்கொண்டு.

நைலான் டயர், ரீட்ரெட் எல்லாம் இன்னும் போடலாமா?

நைலான் டயரின் பக்கச்சுவர் கெட்டி, கல் குத்துவதைத் தாங்கும், விலை குறைவு. ரேடியல் குறைவாகச் சூடாகும், அதிகம் ஓடும். நெடுஞ்சாலை ஓட்டம் அதிகம் என்றால் ரேடியல். ஒரே அச்சில் ஒன்று அது, ஒன்று இது என்று மட்டும் கலக்காதீர்கள்.

ரீட்ரெட், அதாவது தேய்ந்த டயருக்கு மேல் புது ரப்பர் ஒட்டும் தொழிலுக்குச் சங்ககிரி, நாமக்கல் பக்கம் குறைவில்லை, நன்றாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். லாரியின் பின் ஜோடியில் அது சரி. ஒன்று போனால் பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது. பிக்கப்பில் பின்னால் ஒற்றை டயர், பக்கத்துத் துணை கிடையாது. சமவெளியில் மெதுவாக ஓடும் வண்டிக்குப் பின்னால் மட்டும் என்றால் ஒத்துக்கொள்வேன். மலைக்கு வேண்டாம். முன்னால் எந்த ஊருக்கும் வேண்டாம்.

புது டயர் வாங்கும்போது வேறு என்ன பார்க்க வேண்டும்?

தயாரித்த வாரம். பக்கச்சுவரில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரம். தள்ளுபடி விலையில் தருவது பல சமயம் இரண்டு மூன்று வருடம் கிடங்கில் கிடந்தது. ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 15636 என்று இருந்தால் சரக்கு வண்டி டயருக்கான தரம், 15633 என்று இருந்தால் கார் டயருக்கானது. சந்தேகமான டயரை இதை வைத்தே அடையாளம் காணலாம். பழையதைக் கழற்றும் நேரத்துக்கு அளவு 1.6 மில்லிமீட்டர் பள்ளம், சட்டப்படி அதுதான் கடைசி. மலை ஓட்டத்துக்கு மழைக்காலம் தொடங்கும் முன் 3 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் மாற்றிவிடுங்கள்.

ஸ்டெப்னிக்குப் பழைய டயரே போதும்தானே?

அதே சைஸ், அதே குறியீடு என்றால் போதும். நான்கையும் 109-க்கு மாற்றிவிட்டு ஸ்டெப்னியில் பழைய 100-ஐ விட்டுவைத்தால், முழு லோடோடு பதினைந்தாவது வளைவில் பின் டயர் பஞ்சரான அன்று அந்த 800 கிலோ டயர்தான் 920 கிலோவைச் சுமந்துகொண்டு இறங்க வேண்டியிருக்கும். வேறு வழி இல்லாமல் அப்படி மாட்ட நேர்ந்தால் பாதி லோடை அங்கேயே இறக்கிவிட்டு வாருங்கள். வண்டிக்கு அடியில் தொங்குவதால் ஸ்டெப்னியில் யாரும் காற்று பார்ப்பதில்லை. மாதம் ஒரு முறை லோடு அழுத்தத்துக்கு நிரப்பி வையுங்கள், குறைக்க வேண்டுமென்றால் ரோட்டோரத்தில் குறைத்துக்கொள்ளலாம், கூட்ட முடியாது.